கேட்டபோது வந்து சேரும் கோப்பகம்

ஒரு கணினியில் உள்ள கோப்புகளை வேறொரு கணினியில் அமர்ந்திருப்பவர் தம்முடையவை போலவே திறந்து ஆளலாம் என்னும் நிலையைப் பரவலாக்கியது, அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1984இல் உருவாக்கிய என்.எப்.எஸ். முறையாகும். வசதி பெரிது, உடன் வந்த தொல்லையும் சிறிதன்று.

கணினியை இயக்கியதுமே தொலைவிலுள்ள கோப்பகங்கள் அனைத்தையும் 'மவுண்ட்' செய்து, அதாவது தன் கோப்பக அமைப்பில் பொருத்தி, வைத்துக்கொள்வது அந்நாளைய வழக்கம். அவற்றை வழங்கும் சர்வர்களுள் ஒன்று நின்றுபோனாலும், அதன் கோப்பைத் தொட்ட நிரல் விடை வரும்வரை அசையாது கிடக்கும். மின்தடைக்குப் பின் நேர்ந்ததோ இதனினும் கொடிது. முதற் கணினி இரண்டாவதன் கோப்பகத்தையும், இரண்டாவது முதலாவதன் கோப்பகத்தையும் வேண்டி நின்றால், இரண்டும் ஒன்றையொன்று எதிர்நோக்கி எழாமலே இருந்துவிடும்!

இதற்கு மாற்றாகச் சன் நிறுவனத்தில் டாம் லயன் என்பார் ஆக்கிய 'ஆட்டோமவுண்ட்' 1988இல் சன்ஓஎஸ் 4.0 உடன் வெளிவந்தது. கோப்பகத்தை யாரேனும் தொட்டால் மட்டுமே அது பொருத்தப்படும். 1989 டிசம்பரில் ஜான்-சைமன் பெண்ட்ரி இதே நோக்கத்துடன் 'ஏஎம்டி' என்ற நிரலை வெளியிட்டார். இவை தம்மையே என்.எப்.எஸ். சர்வராகக் காட்டிக்கொண்டு, உண்மைக் கோப்பகத்தை மறைவான வேறோர் இடத்தில் பொருத்தி, அதற்கு வழிகாட்டும் இணைப்பொன்றைத் தந்தன. தந்திரம் நன்றே. ஆயினும் அம்மறைவிடத்தின் பெயரைக் குறித்துவைத்த நிரல்கள் பின்னொரு நாள் அங்கே சென்றால் ஒன்றும் இராது; அவ்விடத்தைத் தொடுவது பொருத்துதலைத் தூண்டுவதில்லை அன்றோ?

லினக்ஸில் எச். பீட்டர் ஆன்வின் 1997இல் எழுதிய 'ஆட்டோஎப்எஸ்' இக்குறையைக் களைந்த வழியைச் சார்ந்தது. காவல் வேலை கெர்னலுக்குள் இருக்கும் சிறு பகுதியினுடையது. ஒருவர் தம் இல்லக் கோப்பகத்தைத் திறக்க முயன்றதும், கெர்னல் அந்நிரலை நிறுத்திவைத்து, வெளியே இயங்கும் துணை நிரலுக்குச் செய்தி அனுப்புகிறது. துணை நிரல் 'மேப்' எனப்படும் அட்டவணையில் உரிய சர்வரைத் தேடி, கேட்ட இடத்திலேயே பொருத்துகிறது. காத்திருந்த நிரல் பின் தொடர்கிறது. துணை நிரலுக்கு மட்டும் இத்தடை இல்லை. அதனையும் நிறுத்தினால் அது தனக்காகத் தானே காத்திருக்க நேரும். குறித்த நேரம்வரை எவரும் தொடாவிடில் பொருத்தம் கழற்றப்படும். கோப்பு ஏதேனும் திறந்திருந்தால் கழற்றப்படாது.

புதியவர்கள் மேற்கோப்பகத்தைப் பட்டியலிட்டு, அது வெறுமையாய்க் காணக் கோப்புகள் அழிந்தனவோ என்று அஞ்சுவதுண்டு. உள்ளே உள்ளதன் பெயரைச் சொல்லி அழைத்தால் உடனே தோன்றும்.

2010இல் தோன்றிய சிஸ்டம்டி-யும் கெர்னலின் இப்பகுதியையே பயன்படுத்துகிறது. ஆனால் பொருத்திய பின் சர்வர் நின்றுபோனால் நிரல் அசையாது கிடக்கும் பழைய தொல்லையை இம்முறை தீர்க்கவில்லை, அது என்.எப்.எஸ்.-இன் பாற்பட்டது.