உதகைச் சுவரில் ஒரு விதித்தாள்

உலகெங்கும் ஆடப்பெறும் விளையாட்டுகளுள் நம் நாட்டில் தோன்றியவை எவை என்று வினவினால், சதுரங்கத்தையும் சடுகுடுவையும் உடனே கூறிவிடுவீர்கள். ஸ்னூக்கர் என்று விடை கூறிய மாணவர் ஒருவரை என் ஆசிரிய வாழ்வில் நான் கண்டதில்லை. ஆயினும் அவ்வாட்டத்தின் பெயர் ஜபல்பூரில் பிறந்தது. அதன் விதிகள் ஒழுங்குபெற்றுச் சுவரில் மாட்டப்பட்டது நம் நீலகிரியில், உதகமண்டலத்து மன்றத்தில். இச்செய்திக்குச் சான்று என்ன, அச்சான்று எவ்வளவு உறுதியானது என்பதையும் சேர்த்தே இங்கு ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். பில்லியர்ட்ஸ், பூல், ஸ்னூக்கர் என்னும் மூன்றையும் ஒன்றாகவே பலர் கருதுகின்றனர். மேசை ஏறக்குறைய ஒரே வகையினது, ஆட்டம் வேறு. மேசையின் அடித்தளம் சிலேட்டுக்கல். லண்டனில் ஜான் தர்ஸ்டன் என்பவர் 1826-இல் மரப்பலகைக்கு மாற்றாக அக்கல்லைப் பதித்தார். உங்கள் தாத்தாமார் ‘அ’ எழுதிப் பழகிய அதே கல்தான். அதன்மேல் பச்சைக் கம்பளித் துணி, சுற்றிலும் ரப்பர் விளிம்பு, ஆறு பைகள். பந்தின் குறுக்களவு 52.5 மில்லிமீட்டர், எங்கள் புளியங்குடிச் சந்தைக்கு வரும் நல்ல பருத்த எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தால் அளவு விளங்கிவிடும். அந்நாளில் பந்துகளை யானைத் தந்தத்தில் கடைந்தனர். ஒரு பொழுதுபோக்கிற்காக எத்தனை யானைகள் மடிந்தன என்று எண்ணும்போது மனம் கூசுகிறது.

ஆங்கில பில்லியர்ட்ஸுக்கு மூன்றே பந்துகள். தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டால் 2 எண். சிவப்பைப் பையில் வீழ்த்தினால் 3 எண். எதிரியின் பந்தை வீழ்த்தினால் 2 எண். இருவர் மட்டுமே ஆடுவதற்கு ஏற்ற, அமைதியான, கடினமான ஆட்டம் இது. பலர் கூடிய இடத்தில் இது சலிப்பைத் தந்தது. ஆகவே படைவீரர் விடுதிகளில் வேறு ஆட்டங்கள் எழுந்தன. பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி, வீழ்த்திய ஒவ்வொன்றிற்கும் பணம் பெறுவது ‘பிரமிட்ஸ்’. ஆளுக்கொரு வண்ணப் பந்தும் மூன்று ‘உயிர்’களும் கொடுத்து, பந்து வீழ்ந்தவர் அபராதம் கட்ட, இறுதியில் எஞ்சியவர் பொதுப் பணத்தை எடுத்துச் செல்வது ‘பூல்’. அந்தப் பொதுப் பணத்துக்கே பூல் என்று பெயர். அதுவே ஆட்டத்தின் பெயராயிற்று. பூலில் ஒரு கறுப்புப் பந்தையும் சேர்த்து, தன் இலக்கை வீழ்த்தியவர் அடுத்து அக்கறுப்பையும் முயலலாம், வீழ்த்தினால் எல்லாரும் அவருக்குப் பணம் தரவேண்டும் என்று வைத்தது ‘கறுப்புப் பூல்’. இந்த விதியைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1875-ஆம் ஆண்டு மழைக்காலம். இடம் ஜபல்பூர். குற்றாலத்தில் பெய்யும் நம் சாரல் மனிதனை வெளியே அழைக்கும். மத்திய இந்தியாவின் பெருமழையோ வீட்டுக்குள் அடைத்துவிடும். டெவன்ஷயர் படைப்பிரிவின் இளம் அதிகாரிகள் நீண்ட பிற்பகல்களைப் பில்லியர்ட்ஸ் மேசையருகே கழித்தனர். அவர்களுள் ஒருவர் நெவில் பிரான்சிஸ் பிட்ஸ்ஜெரால்டு சேம்பர்லேன். அப்போது வயது இருபதுகூட நிரம்பவில்லை. (பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்த நெவில் சேம்பர்லேன் வேறொருவர்.) பிரமிட்ஸின் பதினைந்து சிவப்புகளையும் கறுப்புப் பூலின் வண்ணங்களையும் ஒரே மேசையில் இவர் கலந்து வைத்தார். முதலில் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, கறுப்பு ஆகியவையே இருந்தன. நீலமும் பழுப்பும் பின்னர் வந்தன.

பெயர் வந்த கதை சுவையானது. உல்விச் படைப் பயிற்சிப் பள்ளியில் முதலாண்டு மாணவரைக் கேலியாக ‘ஸ்னூக்கர்’ என்று அழைப்பது வழக்கம். விருந்தினராக வந்த ஓர் அதிகாரி இச்சொல்லைக் கூற, சேம்பர்லேன் மனத்தில் அது பதிந்தது. ஆட்டத்தில் ஒருவர் பையின் வாயிலில் நின்ற பந்தையே தவறவிட்டபோது, “நீர் சரியான ஸ்னூக்கர்” என்னும் பொருள்படச் சொல்லிவிட்டார். அவர் முகம் வாடவே, இப்புது ஆட்டத்தில் நாம் எல்லாரும் ஸ்னூக்கர்களே என்று சமாதானம் கூறினார். கத்துக்குட்டி என்று நாம் சொல்வோமே, அதுவே இந்த உலக விளையாட்டின் பெயர்.

அடுத்த காட்சி உதகை. ஆப்கானியப் போரில் காயமுற்ற சேம்பர்லேன், 1881-இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதியான சர் பிரடெரிக் ராபர்ட்ஸின் பணியில் சேர்ந்தார். கோடையில் சென்னை அரசாங்கமே மலையேறிய காலம் அது. தளபதியுடன் இவரும் ஆண்டுதோறும் உதகை சென்றார். 1841-இல் தொடங்கிய உதகமண்டல மன்றத்தில் இவ்வாட்டம் பெருவிருப்பத்துக்கு உரியதாயிற்று. அங்குதான் விதிகள் வரையப்பட்டு, பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. 1882 என்பது பெரும்பாலோர் கூறும் ஆண்டு.

இதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் சுண்டாட்டம் ஆடாத தெரு இல்லை. ஆனால் சிவப்புக் காயை வீழ்த்தியபின் தொடர்ந்து தன் காயை வீழ்த்தத் தவறினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு தெருவில் ஒரு விதி. அடுத்த தெருவில் வேறொரு விதி. ஆகவே இரு தெருவார் கூடினால் ஆட்டத்தைவிட வழக்கே மிகுதி. சொல்லில் வாழும் விதி, குரல் பெருத்தவன் பக்கம் சாயும். தாளில் எழுதி மாட்டிய விதியை அயலூரிலிருந்து வந்தவனும் படித்துப் படியெடுத்துச் செல்லலாம். ஜபல்பூரில் சில நண்பர்களின் பொழுதுபோக்காக இருந்ததை ஊர்விட்டு ஊர் போகும் விளையாட்டாக்கியது உதகையின் அந்தத் தாளே என்பது என் கருத்து.

அவ்விதிகளின் வளர்ந்த வடிவம் இன்று எவ்வாறு உள்ளது? ஒரு வெள்ளைப் பந்து, 15 சிவப்பு, 6 வண்ணம். ஆக 22 பந்துகள். சிவப்புக்கு 1 எண். மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. ஒரு சிவப்பை வீழ்த்தினால் ஒரு வண்ணத்தை முயலும் உரிமை கிடைக்கும். அவ்வண்ணப் பந்தை மீண்டும் தன் இடத்தில் வைப்பர். வீழ்ந்த சிவப்பு திரும்புவதில்லை. சிவப்புகள் தீர்ந்தபின் வண்ணங்களை வரிசைப்படி வீழ்த்தவேண்டும். கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் பாருங்கள்: ஒவ்வொரு சிவப்புடனும் கறுப்பையே வீழ்த்தினால் 15 தரம் 8, அதாவது 120, இறுதி வண்ணங்கள் 27, கூட்டினால் 147. பிழைபட ஆடினால் எதிரிக்குக் குறைந்தது 4 எண். எதிரி தான் அடிக்கவேண்டிய பந்தை நேரே அடிக்க இயலாதவாறு வேறொரு பந்தின் பின்னே வெள்ளையை மறைத்து நிறுத்துவதும் ஒரு தந்திரம். அதற்கும் ஸ்னூக்கர் என்றே பெயர்.

சிவப்புக்குப் பின் வண்ணம் என்னும் முறையில், கறுப்புப் பூலின் பழைய விதி தெரிகிறதல்லவா? அன்று காசாக இருந்தது இன்று எண்ணாக நிற்கிறது. நம் ஊர்ப் பெற்றோர் இம்மேசையைச் சூதாட்டத்துடன் சேர்த்தே அஞ்சுகின்றனர். அந்த அச்சத்துக்கு வரலாற்றில் வேர் உண்டு; ஆனால் பணத்தைத் தொலைத்துவிட்டு ஆட்டம் மட்டும் உயிர்பிழைத்தது என்பதும் அதே வரலாறுதான்.

இனிச் சான்றுக்கு வருவோம். நான் கூறிய ஜபல்பூர்ச் செய்தி பெரும்பாலும் ஒரே கடிதத்தைச் சார்ந்தது. ஸ்னூக்கர் உல்விச் பள்ளியில் பிறந்தது என்னும் கூற்றை மறுத்து, 1938 மார்ச் மாதம் ‘தி பீல்டு’ என்னும் இதழில் சேம்பர்லேனே எழுதிய கடிதம் அது. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே 63 ஆண்டுகள். எழுதியவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. தம் புகழ் பற்றித் தாமே கூறும் சாட்சி. வரலாற்று மாணவர் இங்கே விழித்துக்கொள்ள வேண்டும். அதேபோது, அவருடன் அக்காலத்தில் இந்தியாவில் பணிபுரிந்த பழைய அதிகாரிகள் சிலரும் அவர் கூற்றுக்குத் துணைநின்றனர். ஆகவே மூலக்கரு அவருடையது என்று ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. மழைநாள் உரையாடல் சொல்லுக்குச் சொல் அவ்வாறே நிகழ்ந்தது என்று தேர்வுத்தாளில் எழுதினால் மட்டும் முழு மதிப்பெண் தரமாட்டேன்.

அச்சான்றில் ஒரு பெரும் இடைவெளியும் உண்டு. வெள்ளையர்க்கே உரியனவாயிருந்த அம்மன்றங்களில், கோல்களைப் பேணி, பந்துகளை எடுத்து வைத்து, எண்ணிக்கை குறித்து, மேசையருகே நின்றவர்கள் நம்மவர்கள். ‘மார்க்கர்’ என்று அவர்களை அழைத்தனர். ஓர் ஆட்டத்தை நாள்தோறும் பார்த்து நிற்பவனைவிட அதன் விதிகளை நன்கு அறிந்தவன் யார்? உதகையின் அறையில் நின்ற மார்க்கரின் பெயர் கடிதத்தில் இல்லை.

கல்கத்தாவில் 1885-இல் தம்மைச் சந்தித்த பில்லியர்ட்ஸ் வீரர் ஜான் ராபர்ட்ஸ் விதிகளைக் கேட்டறிந்தார் என்று சேம்பர்லேன் எழுதுகிறார். இங்கிலாந்தில் 1900-இல் பில்லியர்ட்ஸ் சங்கம் அதிகாரப்பூர்வ விதிகளை ஏற்றது. 1927-இல் முதல் உலகப் போட்டி. வென்றவர் ஜோ டேவிஸ். சேம்பர்லேன் 1944-இல் மறைந்தார். மேசையருகே நிற்கும் இடத்திலிருந்து மேசையில் ஆடும் இடத்துக்கு இந்தியர் வந்ததை உலகம் கண்டது 1958-இல்: கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். ஸ்னூக்கரில் அத்தகைய உலகப் பட்டம் ஓம் அகர்வாலுக்கு 1984-இல் கிடைத்தது. 2025 நவம்பரில் தோகாவில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் போட்டியில் பதினைந்து சிவப்புப் பந்துகளின் ஆட்டத்தை வென்றவர், சென்னையைச் சேர்ந்த அனுபமா இராமச்சந்திரன்.