ஆலயப் பிரவேசமும் நம்மவர் கடமையும்

ஒரு சமூகத்தார் தம்மிற் பிறந்த பெரியோரைக் கொண்டாடுதல் இயல்பே. அவர்தம் படத்திற்கு மாலையிடுதலும், பிறந்த நாளில் அன்னமளித்தலும், அவர் பெயரைச் சொல்லி இளைஞர்க்கு ஊக்கமூட்டுதலும் நற்செய்கைகளே. ஆயினும், அப்பெரியார் எதன்பொருட்டு உழைத்தனரோ அதனை மறந்து, பெயரை மட்டும் பாராட்டுவோமாயின் அது நெல்லைத் தூற்றிவிட்டு உமியைக் களஞ்சியத்திற் சேர்த்தலாகவே முடியும். நம் குலத்துக்கு அணியாய் விளங்கிய ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரவர்கள் விஷயத்தில் நாம் செய்துவருவது யாது என்பதனைச் சிறிது ஆராய்வோமாக.

ரெட்டியாரவர்கள் 1895-ஆம் ஆண்டில் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் வேளாண்மைக் குடும்பத்தில் தோன்றினார். 1947 மார்ச்சு 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை, இரண்டாண்டுகளுக்குச் சற்று மேலாகவே சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாய் இருந்தார். அக்குறுகிய காலத்துள், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டமும், ஜமீன்களை ஒழிக்கும் 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் நிறைவேறின. பதவி நீங்கியபின் வடலூரை அடைந்து, இராமலிங்க சுவாமிகள் நெறியில் நின்று, கல்விப் பணி புரிந்து, 1970-இல் மறைந்தார். இச்செய்திகளை நம்மிற் பலர் அறிவர். ஆயின் அவர் ஆட்சியில் நிறைவேறிய மற்றொரு சட்டத்தைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்செழுவது அரிது. அதுவே 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டமாகும்.

அச்சட்டத்தின் அருமையை உணர வேண்டின், அதற்கு முன்னிருந்த நிலையை அறிதல் வேண்டும். திருவிதாங்கூர் மகாராஜா 1936 நவம்பர் 12-ஆம் நாள் தம் அரசுக்குட்பட்ட கோயில்களை எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்டார். 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரையில் வைத்தியநாத ஐயர், ஆதிதிராவிட அன்பர் சிலரையும் நாடார் ஒருவரையும் உடனழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதிக்குட் சென்றார். பின்னாளில் மந்திரியாகிய கக்கனும் அவர்களுள் ஒருவர். அவ்வாண்டிலேயே சென்னை அரசாங்கம் ஒரு சட்டமியற்றியது. எனினும், கோயிலைத் திறப்பதும் திறவாதிருப்பதும் அச்சட்டத்தின்படி தர்மகர்த்தாக்களின் சம்மதத்தையே பொறுத்திருந்தன. அஃதாவது, கதவுக்கு வெளியே நின்றவர் உள்ளே நிற்பவரின் தயவை எதிர்பார்த்தே நிற்க வேண்டியிருந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டமோ தயவென்பதை நீக்கி உரிமை என்பதை நிறுவிற்று. மற்றை ஹிந்துக்கள் எவ்வாறு, எவ்வளவு தூரம் சென்று வழிபடுகின்றனரோ, அவ்வாறே, அவ்வளவு தூரம், விலக்கப்பட்டிருந்தாரும் பொதுக் கோயில்களிற் புகுந்து வழிபடலாம். இதற்கு மாறான வழக்கம் எதுவாயினும் செல்லாது. இதுவே அதன் சாரம். நிலமுடையோர் குலத்திற் பிறந்த ஒருவர், நிலமற்றோர்க்கு இவ்வுரிமையை நிலைநாட்டினார் என்பதே நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

'அது நெடுநாளைய வழக்கமாயிற்றே, அதனை மீறலாமா?' என்று கேட்பார் இன்றும் நம்மிடையே உளர். அவர்கட்கு ஒரு பழைய வழக்கினை நினைவூட்டுவோம். 1897-ஆம் ஆண்டில் கமுதிக் கோயிலுள் நாடார்கள் புகுந்தனரென்று வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. அங்கே வென்றது வழக்கமென்னும் வாதமே. அவர்கள் சோர்ந்து விட்டனரா? கல்வியாலும் வணிகத்தாலும் சங்கத்தின் ஒற்றுமையாலும் உயர்ந்து, இன்று எவர்க்கும் தாழாது வாழ்கின்றனர். அன்று நீதிமன்றமே ஒப்புக்கொண்ட வழக்கத்தை இன்று நியாயமென்று சொல்ல எவர் துணிவர்? நேற்று ஒருவரை வெளியே நிறுத்திய வழக்கம் இன்று நகைப்புக்கிடமானாற்போல, இன்று நாம் பிடிவாதமாய்ப் பற்றியிருக்கும் வழக்கமும் நம் பேரர்க்கு நகைப்பாகவே தோன்றும்.

வெளிநாடுகளில் நம்மவர் பட்ட அவமானத்தையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். 1860-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பலொன்று, கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக நம்மவரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை அடைந்தது. அந்நாட்டிலேதான் 1893-இல் முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த காந்தியடிகள் ரயிலினின்றும் இறக்கிவிடப்பட்டார். அநியாயச் சட்டங்களை எதிர்த்துச் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914-இல் பதினாறு வயதிலேயே உயிர் நீத்தாள். 1948 முதல் அந்நாட்டில் நிறத்துவேஷமே அரசாங்கக் கொள்கையாயிற்று. குடியிருப்பும் பள்ளியும் கடற்கரையுங்கூட நிறத்துக்கொன்றாகப் பிரிக்கப்பட்டன. 1994-இலேதான் அக்கொடுமைக்கு முடிவு வந்தது. இவற்றைப் படிக்குங்கால் நம் இரத்தம் கொதிக்கின்றது. கொதித்தலும் முறையே.

ஆயின், ஊர் வேறு, சேரி வேறு, சுடுகாட்டுப் பாதை வேறு என்று நம் கிராமங்களில் வகுத்து வைத்தவர் யார்? வெள்ளையர் அல்லரே! டாக்டர் அம்பேத்கர் 1946-இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் அறிஞரான டூ பாய்ஸ் என்பார்க்குக் கடிதம் எழுதி, அவர்கள் நிலையும் இந்நாட்டுத் தீண்டாதார் நிலையும் பெரிதும் ஒத்திருத்தலைக் குறிப்பிட்டார். ஒன்றை மட்டும் வேற்றுமையாகக் கூறலாம். அங்கே தோலின் நிறம் கண்ணுக்குப் புலனாகும். இங்கேயோ அதுவுமில்லை. ஒரே வெயிலில் உழைத்து ஒரே நிறமடைந்த இருவருள் ஒருவரை விலக்க வேண்டின், 'எந்த ஊர்? எந்தத் தெரு?' என்று கேட்டறிந்தன்றோ விலக்க வேண்டியிருக்கிறது! நிறத்துவேஷத்துக்குக் கண் போதும். நம் துவேஷத்துக்கு விசாரணையும் தேவைப்படுகின்றது.

ஓமந்தூரார் பிறந்த நம் ஜில்லாவின் நிலை யாது? 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் மூண்ட கலகத்தில் ஆதிதிராவிடர் 12 பேர் கொல்லப்பட்டனர். விழுப்புரத்தையடுத்த மேல்பாதிக் கிராமத்துத் திரௌபதியம்மன் கோயிலில் ஆதிதிராவிடர் வழிபடுவது குறித்துத் தகராறு எழுந்து, சமாதானப் பேச்சும் பயனளிக்காமையால், 2023 ஜூனில் அதிகாரிகள் அக்கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பின், 2025 ஏப்ரலிலேதான் அவர்கள் உள்ளே சென்று அம்மனைத் தரிசித்தனர். சட்டம் பிறந்து எழுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது! எவ்வூரார், எக்குலத்தார் என்று விரல் நீட்டுதற்காக இதனை எழுதினோமல்லோம். பிறர் கோயிற் பூட்டைப் பார்த்து வருந்தும் நாம், நம் ஊர்க் கோயிற் கதவு உள்ளபடியே எல்லார்க்கும் திறந்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டுமென்பதே நம் கருத்து.

'சங்கம் நம்மவர் நன்மைக்காக ஏற்பட்டது; பிறர் விஷயம் நமக்கேன்?' என்று சிலர் வினவலாம். ஊரில் நிலமும், கோயிலில் தர்மகர்த்தா ஸ்தானமும், பஞ்சாயத்தில் வாக்கும் உடையவர் நம்மவரிற் பலராதலின், இது பிறர் விஷயமன்று. நம் கையிலுள்ள சாவியின் விஷயமே. ஆகவே நம்மவர் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுகின்றோம்.

நம்மவர் தர்மகர்த்தாக்களாயிருக்கும் கோயில்களில் எவரையும் வாயிலில் நிறுத்தலாகாது. திருவிழாவில் சுவாமி ஆதிதிராவிடர் தெருவுக்கும் எழுந்தருளச் செய்தல் வேண்டும். நம் வீட்டுச் சிறுவர், வயலில் உழைக்கும் முதியவரைப் பெயர் சொல்லி ஏகவசனத்தில் அழைக்கும் வழக்கத்தைப் பெற்றோர் இன்றே நிறுத்துதல் வேண்டும். குழந்தைகள் இப்பாடத்தைப் பள்ளியிலன்று, வீட்டுத் திண்ணையிலேயே கற்கின்றனர். கலியாணப் பந்தியிலும் தேநீர்க் கடையிலும் தனியிலை, தனிக்குவளை என்பன இருத்தலாகாது. சச்சரவு நேருங்கால் கூலியை நிறுத்தியும் பாதையை மறித்தும் பழிவாங்குதல் சட்டப்படி குற்றமாதலேயன்றிக் கோழைத்தனமுமாம். நம்மவர் ஒருவர் தவறு செய்தால், குலத்தைக் கருதி மறைக்காமல் உண்மையை உரைக்கும் துணிவு நம் பெரியோர்க்கு வேண்டும். சங்கம் அளிக்கும் கல்வி உதவித் தொகைகளுள் ஒன்றேனும், ஓமந்தூரார் பெயரால், ஏழை ஆதிதிராவிட மாணவர் ஒருவர்க்கு ஆண்டுதோறும் வழங்கப்படுதல் வேண்டும்.

இவற்றாற் நாம் இழப்பது யாது? ஒரு காணி நிலமும் குறையாது. ஒரு படி நெல்லும் குறையாது. குறைவது வீண் செருக்கொன்றே. வருகின்ற பொதுக்கூட்டத்தில் நம் உறுப்பினர் இவற்றைத் தீர்மானமாகக் கொணர்ந்து, ஒருமனதாய் நிறைவேற்றி, தத்தம் ஊரில் நடத்திக் காட்டுவாராக. சட்டத்தினாற் கோயிற் கதவைத் திறந்தார் ஓமந்தூரார். நம் வீட்டுக் கதவையும் நெஞ்சின் கதவையும் திறக்க எந்தச் சட்டமும் வாராது. அது நம்மாலேயே ஆகவேண்டியதொரு காரியம்.