தாண்டிக் குதித்தவர் யார்?

பழனி மலைத்தொடரின் அடியிலே அமைந்த ஊர் அய்யம்பாளையம். 'அய்யம்பாளையம் நெட்டை' என்று உழவர் பெயரிட்டுப் போற்றும் தென்னை ஓங்கி நிற்கும் ஊர். அங்கிருந்து ஒருநாள் விடியலில் நண்பர்கள் நால்வர் மலையேறினோம். பெரும்பாறை கடந்தோம்; மங்களங்கொம்பு கடந்தோம்; காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த தாண்டிக்குடியை அடைந்தோம். நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள அவ்வூரில் முருகன் கோயில் ஒன்று உண்டு. பழமை மிக்கதெனப் பக்தர்கள் கூறும் கோயில். அதைக் காண்பதே பயணத்தின் நோக்கம். வரம் கேட்கச் செல்லவில்லை. வரலாறு கேட்கச் சென்றோம்.

வரலாறு கேட்டோம், கதை கிடைத்தது! முருகப் பெருமான் இங்கு வந்தானாம். இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குப் போனானாம். தாண்டிக் குதித்ததால் 'தாண்டிக்குதி'யாம். அதுவே நாளடைவில் தாண்டிக்குடி ஆயிற்றாம்.

மலைக்கு அப்பால் பழனியிலும் இதே முறைதான். ஒரு பழத்துக்காக அண்ணனும் தம்பியும் போட்டியிட்டனராம். தம்பி தோற்றுக் கோபித்து மலையேறினானாம். "பழம் நீயே" என்று பெற்றோர் தேற்றினராம். 'பழம் நீ' என்பதே பழனி ஆயிற்றாம். அடிவாரத்துத் திருவாவினன்குடிக்கோ இன்னும் விந்தையான விளக்கம்! 'திரு' என்றால் இலக்குமி, 'ஆ' என்றால் காமதேனு, 'இனன்' என்றால் சூரியன், 'கு' என்றால் பூமி, 'டி' என்றால் அக்கினி. ஐவரும் வழிபட்டதால் வந்த பெயராம். ஊரின் பெயரையே துண்டு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு தெய்வத்தை அமர்த்திய திறமையை என்னென்பது!

குடி என்றால் என்ன? மன்னார்குடி உண்டு, காரைக்குடி உண்டு, பரமக்குடி உண்டு, தூத்துக்குடி உண்டு. அங்கெல்லாம் குதித்தவர் யார்? குடி என்பது மக்கள் கூடி வாழ்ந்த இடம். குடி என்ற சொல்லிலேயே மக்கள் இருக்கிறார்கள். அந்த மக்களை வெளியேற்றிவிட்டு அவ்விடத்தில் ஒரு தெய்வத்தைக் குதிக்க வைத்தது கதை.

"கதைதானே! கேட்டுவிட்டுப் போனால் என்ன?" என்றார் உடன்வந்த நண்பர். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண, கதை மறைத்தது எது என்பதை முதலில் காண வேண்டும்.

அகநானூற்றின் முதற் பாடல் மாமூலனார் பாடியது. பழனியின் பழம்பெயர் பொதினி என்பதும், அதை ஆண்டவன் நெடுவேள் ஆவி என்பதும் அப்பாடலில் உள்ளன. அந்த ஆவியர் குடியின் பெயரே ஆவினன்குடியில் நிலைத்தது என்பர் தமிழறிஞர். முருகன் அப்பாடலில் வருகிறான்; ஆவியின் போர்த்திறனுக்கு உவமையாக வருகிறான். பழம் வரவில்லை, நாரதர் வரவில்லை. ஆனால் ஒரு தொழிலாளி வருகிறான்! அரக்கோடு சேர்த்துச் சாணைக்கல் செய்பவன் அவன். அந்தக் கல்லும் அரக்கும் பிரியாதது போலப் பிரியமாட்டோம் என்று காதலன் சொன்ன சொல்லைத் தலைவி நினைவுகூர்கிறாள். பொதினி தமிழ் இலக்கியத்தில் தோன்றும்போதே உழைப்பாளியின் கைவண்ணத்தோடு தோன்றுகிறது.

அந்த ஆவியர் குடியில் வந்தவன் பேகன். மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தபோது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவள் துயரை அவனிடமே எடுத்துரைத்தனர். பொருள் வேண்டாம், அவளிடம் திரும்பு என்றனர். புறநானூறு சான்று. அரசன் முகத்துக்கு நேரே நீதி கேட்ட நாகரிகம் இந்த மலைநாட்டில் இருந்தது.

ஏடு மட்டுமா சான்று? மண்ணும் சான்று கூறுகிறது. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே கல் மூடிய ஈமச் சின்னங்கள் இம்மலையெங்கும் உள்ளன. ஆங்கிலேடு, நியூட்டன் என்ற இருவர் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. தாண்டிக்குடியிலேயே புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் அகழாய்வு நடத்தினார். பின்னர் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பழனிக்குத் தென்மேற்கே 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொருந்தலில் அகழ்ந்தார். அங்கே ஒரு கல்லறையில், நாலு கால் சாடி ஒன்றில், இரண்டு கிலோ அளவுக்கு நெல் இருந்தது. அமெரிக்க ஆய்வுக்கூடம் அந்த நெல்லின் காலத்தைக் கி.மு. 490 என்று கணித்தது. அதே கல்லறையில் 'வய்ர' என்று தமிழி எழுத்துப் பொறித்த தாங்கி ஒன்றும், ஆயிரக்கணக்கான மணிகளும் கிடைத்தன.

நெல் விளைவித்தவன் இருந்தான். மணி கோத்தவள் இருந்தாள். எழுதத் தெரிந்தவர் இருந்தனர். இவர்களில் ஒருவரேனும் தல புராணத்தில் உண்டா? இலக்குமிக்கு இடம் உண்டு, காமதேனுவுக்கு இடம் உண்டு, உழவனுக்கு இல்லை!

நண்பரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. மலையும் ஊரும் கோயிலும் தெய்வத்தின் விளையாட்டால் உண்டானவை என்றால், அவற்றில் மனிதனுக்கு உரிமை ஏது? கதை நம்பிக்கையாகிறது, நம்பிக்கை வழக்கமாகிறது, வழக்கம் சட்டமாகிறது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். வழக்கு தொடரப்பட்டது. ஊர் நீதிமன்றத்திலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. வழக்கம் இடம் தரவில்லை, ஆகவே நுழைய உரிமை இல்லை என்று 1908இல் தீர்ப்பு வந்தது. கோயிலுக்குக் கல் சுமந்தவர் வழிவந்தோர் எவராயினும், வழக்கம் என்ற ஒரு சொல் அவர்களை வாயிலில் நிறுத்தியது.

அந்தத் தீர்ப்பு வந்தபோது சிறுவராக இருந்தவர் ஒருவர், அய்யம்பாளையத்துக்கு அருகிலுள்ள பட்டிவீரன்பட்டியில் 1893இல் பிறந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டின் தலைவர் அவரே. சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று தீர்மானித்த மாநாடு அது. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரைப் பேருந்தில் ஏற்ற மறுக்கலாகாது என்று ஆணையிட்டார். தாம் நுழையும் உரிமையோடு அவர் நிற்கவில்லை. தமக்கும் கீழே தள்ளப்பட்டவரின் உரிமைக்கும் வாதாடினார்.

1939இல் மதுரை மீனாட்சி கோயில் கதவு திறந்தது. 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 1970இல் கலைஞர் அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. தடைகள் பல கடந்து, 2021 ஆகஸ்டு 14இல் பல சாதியினரும் அர்ச்சகர்களாகப் பணியமர்த்தப்பட்டனர். வழக்கம் என்ற வேலியைத் தாண்டிக் குதித்தவர்கள் இவர்கள்!

மாலையில் இறங்கினோம். வழியெங்கும் அந்தக் கற்கள் எங்கள் நினைவைவிட்டு அகலவில்லை. தோட்டம் திருத்தவும் வீடு கட்டவும் பெயர்க்கப்படுபவை அவை. கோயிலுக்குக் காவல் உண்டு; கல்லறைக்குக் காவல் இல்லை. தோழர்களே, அம்மலைக்குச் செல்லுங்கள். கதையைக் கேளுங்கள், கேட்டுவிட்டுக் கற்களையும் பாருங்கள். படம் பிடியுங்கள், குறித்து வையுங்கள், பெயர்ப்பதைக் கண்டால் தொல்லியல் துறைக்கு அறிவியுங்கள். கதையைக் காக்க ஆயிரம் பேர் உண்டு. குடியைக் காக்க நாம்தான் உண்டு.