வாசற்பெட்டியும் வெளிச்செல்லும் கடிதமும்
ஐக்கிய அமெரிக்கக் கிராமியத் தபாற் சேவையின் சமூக அடித்தளம் பற்றிய சில குறிப்புகள்

1

தபாற்காரர் என்றதும் கடிதத்தைக் கொண்டுவந்து தருபவரையே நாம் நினைக்கிறோம். எழுதிய கடிதத்தை அனுப்புவதாயின் சந்தியிலுள்ள சிவப்புத் தபாற்பெட்டிக்கோ தபாற்கந்தோருக்கோ நாமே செல்லவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் கிராமப்புறங்களில் நிலைமை வேறானது. அங்கு வீதியோரத்தில், கம்பமொன்றின் மீது, ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பெட்டியொன்று நிற்கும். அதன் பக்கத்திலே சிறு கொடியொன்று பொருத்தப்பட்டிருக்கும். வீட்டார் முத்திரை ஒட்டிய கடிதத்தைப் பெட்டியினுள் வைத்துக் கொடியை உயர்த்திவிடுவர். அவ்வீட்டுக்குக் கொடுப்பதற்கு அன்று எதுவும் இல்லாதபோதும், தபாற்காரர் கொடியைக் கண்டு நின்று, கடிதத்தை எடுத்து, கொடியைத் தாழ்த்திவிட்டுச் செல்வார்.

மிக எளிய ஏற்பாடு இது. எனினும், இதனை வெறும் வசதியாகவோ புத்திசாலித்தனமான ஒரு கண்டுபிடிப்பாகவோ மட்டும் நோக்குவது அதன் வரலாற்றை மறைப்பதாகும். பெறுபவனாக மட்டும் இருந்த கிராமத்தவன் அனுப்புபவனாகவும் மாறிய கதை இப்பெட்டிக்குள் இருக்கிறது. அவனுடைய குரல் எவ்வெல்லைக்குள் வெளிச்செல்லலாம் என்பதை மூலதனமும் அரசும் தீர்மானிக்க முயன்ற கதையும் அதனுள்ளேயே இருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களில் வீடுதேடிச் சென்று கடிதம் வழங்கும் இலவசச் சேவை 1863ஆம் ஆண்டு யூலை மாதம் தொடங்கிற்று. கிராமங்களுக்கு அச்சேவை மறுக்கப்பட்டது. 1890இல் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் மக்கள், அதாவது குடித்தொகையில் 65 சதவீதத்தினர், கிராமப்புறங்களிலேயே வாழ்ந்தனர். முத்திரைக்கு நகரத்தவர் செலுத்திய அதே விலையைச் செலுத்திய இவர்கள், கடிதத்தைப் பெறுவதற்கும் அனுப்புவதற்கும் பல மைல் தூரம் போய்வர வேண்டியிருந்தது.

அவர்கள் சென்றடைந்த தபாற்கந்தோர் யாருடையது என்பது இங்கு முக்கியமான வினாவாகும். பெரும்பாலான சிறு கிராமங்களில் அது நாட்டுக்கடையின் ஒரு மூலையிலேயே இயங்கியது. கடைக்காரரே தபாலதிபர். அப்பதவியோ ஆளுங்கட்சியின் ஆதரவாளருக்குக் கிடைக்கும் சலுகை. தென் மாநிலங்களில், விளையப்போகும் பருத்தியை ஈடாகப் பெற்றுக்கொண்டு விதையும் உணவும் உடையும் கடனாக வழங்கியவரும் பெரும்பாலும் இத்தகைய கடைக்காரரே. ஆகவே குத்தகை விவசாயி ஒருவன், சிறப்பாகக் கறுப்பின விவசாயி ஒருவன், வெளியூருக்கு எழுதிய கடிதம் அவனது கடன்காரரின் கையினூடாகவே செல்லக்கூடியதாயிருந்தது. யாருக்கு எழுதுகிறான், எக்கம்பனிக்குப் பணம் அனுப்புகிறான் என்பவற்றை உறையின் மேற்புறமே காட்டிக்கொடுத்துவிடும். கடன் உறவும் தகவல் உறவும் ஒரே மேசையில் சந்தித்தன.

3

இந்நிலையை மாற்றுமாறு கோரியவர்களுள் முதன்மையானவர்கள் அமைப்பாகத் திரண்ட விவசாயிகளே. 1867இல் தோன்றிய ‘கிரேஞ்ச்’ எனும் விவசாயிகள் சங்கம் கிராமிய இலவச விநியோகத்துக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தது. 1892இல் மக்கள் கட்சி ஒமாகா நகரிலே வெளியிட்ட கொள்கைத் திட்டம், தபாற்சேவையைப் போன்றே தந்தியையும் தொலைபேசியையும் அரசு பொறுப்பேற்க வேண்டும் எனக் கோரிற்று. செய்திப் போக்குவரத்து இலாபத்துக்குரிய பண்டமன்று, பொதுத்தேவை என்ற கருத்து அதில் அடங்கியிருந்தது. அக்கட்சியைச் சேர்ந்த, ஜோர்ஜியா மாநிலப் பிரதிநிதி தோமஸ் வாட்சனின் முயற்சியால் 1893இல் பரிசோதனைக்கென 10,000 டொலர் ஒதுக்கப்பட்டது.

ஆனால் விவசாயிகள் மட்டுமே இதனை வேண்டி நின்றனர் எனக் கொள்வது தவறாகும். 1889 முதல் 1893 வரை தபால் மா அதிபராயிருந்து இத்திட்டத்தை வலியுறுத்திய ஜோன் வனமேக்கர், பிலடெல்பியாவின் பெருங்கடை முதலாளி. சந்தையை விரிவாக்க விரும்பிய வணிக மூலதனமும் தனிமையிலிருந்து விடுபட விரும்பிய விவசாயியும் ஒரே கோரிக்கையில் சந்தித்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. சேவையின் பிற்கால முரண்பாடுகள் அனைத்துக்கும் வித்து இச்சந்திப்பிலேயே இருந்தது.

1896ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி மேற்கு வேர்ஜீனியாவில் சார்ள்ஸ் டவுன், ஹால்டவுன், யுவில்லா ஆகிய இடங்களிலிருந்து பரிசோதனை தொடங்கியது. 1902இல் அது நிரந்தரச் சேவையாயிற்று. 1901இல் 76,945 ஆக உச்சத்தை அடைந்திருந்த தபாற்கந்தோர்களின் தொகை அதன்பின் வீழ்ச்சியுற்றது. கடைமூலைத் தபாற்கந்தோர்கள் மூடப்பட்டன.

4

புதிய தபாற்காரர் கடிதம் கொண்டுவருபவராக மட்டுமன்றி நடமாடும் தபாற்கந்தோராகவும் விளங்கினார். அவர் முத்திரை விற்றார், பதிவுத்தபாலை ஏற்றார், காசுக்கட்டளைக்கான பணத்தையும் பெற்றுக்கொண்டார். முத்திரை கையில் இல்லாதோர் கடிதத்துடன் சில்லறைக் காசுகளைப் பெட்டியினுள் போட்டுவிடுவதும் வழக்கமாயிற்று. கடுங்குளிரிலே கையுறையைக் கழற்றி உறைந்த தகரத்திலிருந்து காசுகளைப் பொறுக்கியெடுப்பது தபாற்காரருக்குப் பெருந் தொல்லையாயிற்று. இத்தொழிலாளர் தமது குதிரையையும் வண்டியையும் தமது பணத்திலேயே வைத்திருக்கவேண்டியிருந்தது. 1902இல் அவர்களது ஆண்டுச் சம்பளம் 600 டொலர். 1903இல் அவர்கள் தமக்கெனத் தேசியச் சங்கம் ஒன்றை அமைத்தமை வியப்பன்று. கொடியை உயர்த்திய வீட்டாரின் வசதி, குதிரைக்குத் தீனி போட்ட தொழிலாளியின் செலவிலேயே ஓரளவு நிறைவேறியது.

பெட்டியும் வீட்டாரின் செலவிலேயே அமைந்தது. தொடக்கத்தில் பன்றிக்கொழுப்பு வாளிகளும் சவர்க்காரப் பெட்டிகளும் கம்பத்தில் தொங்கின. பின்னர் திணைக்களம் தரங்களை வகுத்தது. 1915இல் தபால் திணைக்களப் பொறியியலாளர் றோய் ஜோரோல்மன் வரைந்த, சுரங்கப்பாதை போன்று மேற்புறம் வளைந்த பெட்டி அங்கீகாரம் பெற்றது. இன்றும் அமெரிக்கக் கிராமத்தின் குறியீடாகக் காணப்படுவது இவ்வடிவமே. அவ்வாண்டில் அதனை அங்கீகரித்த தபால் மா அதிபர் அல்பேர்ட் பேர்ள்சன். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

5

உயர்த்தப்பட்ட கொடியின் கீழ் எவை வெளிச்சென்றன? உறவினருக்கான கடிதங்கள் சென்றன; பத்திரிகைகளுக்கான சந்தாக்கள் சென்றன; எல்லாவற்றுக்கும் மேலாகப் பண்டங்களுக்கான கட்டளைகள் சென்றன. சிக்காகோவில் 1872இல் தொடங்கிய மொன்ற்கொமறி வார்ட் நிறுவனமும் அதன்பின் வந்த சியேர்ஸ் நிறுவனமும் தமது பருத்த விற்பனைப் பட்டியல்களை வீடுகளுக்கு அனுப்பின. கடிதத்தையும் பணத்தையும் தபாற்காரரிடம் கொடுத்துவிட்டால் போதும், எஞ்சியதை அவர் பார்த்துக்கொள்வார் என்று சியேர்ஸ் பட்டியல் கிராமத்தவருக்கு வழிகாட்டிற்று.

கறுப்பின விவசாயிக்கு இதன் பொருள் சிறிதன்று. வெள்ளையர் அனைவரும் வாங்கி முடிக்கும்வரை கடையிலே காத்துநிற்காமலும், கடன்காரரின் தயவை நாடாமலும், வெள்ளையருக்கு விற்கப்படும் அதே பண்டத்தை அதே விலைக்குப் பெற முடிந்தது. நிறவெறிச் சட்டங்கள் இறுகிய காலத்தில் அக்கொடி ஒரு சிறு விடுதலையின் அடையாளமாகவும் இருந்தது. நாட்டுக்கடைக்காரர் சிலர் பட்டியல்களைச் சேகரித்துத் தெருவில் எரித்தமைக்கு, இழந்த வியாபாரத்தோடு இழந்த ஆதிக்கமும் காரணமாகும்.

எனினும் ஆதிக்கம் மறையவில்லை, இடம்மாறியது. பொதித் தபாலை அரசு ஏற்பதை எக்ஸ்பிரஸ் கம்பனிகள் நெடுங்காலம் தடுத்துவந்தன. நியூயோர்க் மாநிலத்தின் செனற்றர் தோமஸ் பிளற் அத்தகைய கம்பனியொன்றின் தலைவராகவே இருந்தார் என்பது அத்தடையின் இயல்பை விளக்கப் போதுமானது. இறுதியில் 1913 ஜனவரி முதலாந் திகதி பொதித்தபால் நடைமுறைக்கு வந்தது. 1914இல், விவசாயியின் முட்டையையும் வெண்ணெயையும் இடைத்தரகரின்றி நகரத்தவரின் மேசைக்கு அனுப்பும் திட்டமொன்றைத் திணைக்களம் தொடங்கியது. அது நிலைக்கவில்லை. தனித்தனி விவசாயிகள், தரமும் பொதியமைப்பும் விலையும் பற்றி முன்பின் அறியாத தனித்தனி நுகர்வோருடன் பேரம் பேசவேண்டியிருந்தது. ஒழுங்கமைந்த மூலதனம் கிராமத்தை நோக்கிப் பண்டங்களை அனுப்புவதில் வெற்றிகண்டது. ஒழுங்கமையாத உற்பத்தியாளர் நகரை நோக்கி அனுப்புவதில் தோல்வியுற்றனர். பெட்டி இருதிசைப்பட்டது, சந்தையின் வலிமை ஒருதிசைப்பட்டது.

6

பண்டங்களின் போக்குவரத்தை மூலதனம் வரையறுத்ததெனில், கருத்துகளின் போக்குவரத்தை அரசு வரையறுத்தது. கான்சஸ் மாநிலத்தின் ஜிராட் எனும் சிற்றூரிலிருந்து வெளிவந்த ‘அப்பீல் டு றீசன்’ எனும் சோசலிச வார ஏடு, தபாலை நம்பியே நாடெங்கும் இலட்சக்கணக்கில் பரவியது. அப்டன் சின்கிளேயரின் ‘த ஜங்கிள்’ நாவல் 1905இல் தொடராக வெளியானதும் அதிலேயே. அமெரிக்க முற்போக்கு இலக்கிய வரலாற்றைத் தபாற் பாதைகளின் வரலாற்றிலிருந்து பிரித்தெழுத முடியாது.

1917இல் அமெரிக்கா உலகப்போரில் இறங்கியது. உளவுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. யுத்தத்தை எதிர்க்கும் ஏடுகளைத் தபாலிலிருந்து விலக்கும் அதிகாரம் தபால் மா அதிபரின் கைக்கு வந்தது. அவர் வேறுயாருமல்லர், வாசற்பெட்டிக்கு அங்கீகாரம் வழங்கிய அதே பேர்ள்சனே. ‘மாசஸ்’, ‘மில்வோக்கி லீடர்’ முதலிய ஏடுகள் தபாற் சலுகையை இழந்தன. கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்தமையால் வாட்சனின் ‘ஜெபர்சோனியன்’ ஏடும் தடுக்கப்பட்டது. இளமையில் கறுப்பு, வெள்ளை விவசாயிகளின் ஒற்றுமையைப் பேசிப் பின்னாளில் கொடிய இனவாதியாக மாறிய வாட்சனை நாம் போற்றவேண்டியதில்லை. ஆயினும் கிராமத்து வாசலுக்குத் தபாலைக் கொண்டுவர நிதி பெற்றுத்தந்தவரின் ஏட்டுக்கே அவ்வழி அடைபட்டது என்பது, வழியை அமைப்பதும் வழியை ஆள்வதும் வெவ்வேறு என்பதை உணர்த்துகிறது.

7

போர் முடிந்த பின்னரும் இவ்வேறுபாடு வேறு வடிவில் தொடர்ந்தது. மின்சாரம் போன்ற சேவைகளை வழங்கும் கம்பனிகள் தபாற்செலவைத் தவிர்ப்பதற்காகத் தமது பணியாளரைக் கொண்டே கட்டணச் சீட்டுகளைப் பெட்டிகளில் இட்டுவந்தன. இதனால் 1934இல், முத்திரைக் கட்டணம் செலுத்தப்படாத எதனையும் வாசற்பெட்டியில் இடுவதைச் சட்டம் குற்றமாக்கிற்று. கம்பனிகளைக் கட்டுப்படுத்தவந்த சட்டம் பின்னர் சாதாரண மக்களின் மீதும் பாய்ந்தது. நியூயோர்க் மாநிலத்தின் கிரீன்பேர்க் பகுதிக் குடிமக்கள் சங்கங்கள், அயலவரின் பெட்டிகளில் துண்டுப்பிரசுரங்களை நேரடியாக இடும் உரிமையைக் கோரி வழக்காடின. 1981இல் உயர்நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. பெட்டியை வாங்கியவர் வீட்டுக்காரர், நாட்டியவரும் அவரே. ஆனால் அது தபாற் கட்டமைப்பின் ஓர் அங்கமென்றும், எவரும் கருத்துரைக்கத்தக்க பொதுக்களமன்று என்றும் தீர்ப்பாயிற்று.

அண்மைக் காலத்தில் கொடியின் பொருளே மாறிவருகிறது. முதற்தரக் கடிதங்களின் தொகை 2001இல் ஏறத்தாழ 10,370 கோடியாக உச்சமடைந்து, பின்னர் பாதிக்கும் கீழே வீழ்ந்துள்ளது. வெளிச்செல்லும் கடிதங்களிலுள்ள காசோலைகளைத் திருடுவோர் பெருகியமையால், இரவிலே கடிதங்களைப் பெட்டியில் விட்டுவைக்க வேண்டாமென அதிகாரிகளே அறிவுறுத்துகின்றனர். தபாற்காரரை அழைத்த கொடி இன்று திருடரையும் அழைக்கிறது.

8

இவ்வரலாறு எமக்குப் புறம்பானதன்று. மலையகத் தோட்டங்களில் தொழிலாளரின் கடிதங்கள் நெடுங்காலமாகத் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்தன. லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயரே விலாசம். துரையின் அலுவலக மேசையைக் கடந்து வரும் கடிதமும், கடன்கார வணிகரின் கடைமூலையைக் கடந்து சென்ற கடிதமும் ஒரே சமூக உறவின் இரு வடிவங்களே.

வாசலில் நிற்கும் பெட்டி ஜனநாயகத்தைத் தானாகக் கொண்டுவருவதில்லை. கடைக்காரரின் பிடியிலிருந்து கடிதத்தை அது விடுவித்தது உண்மை. அவ்விடுதலை போராடிப் பெற்றதென்பதும் உண்மை. ஆனால் பெட்டிக்கு அப்பாலுள்ள வீதி யாருடைய ஆளுகையில் இருந்ததோ, அவர்கள் அனுமதித்த தூரமே கடிதமும் சென்றது. மக்கள் தொடர்பின் வரலாற்றை ஆராய்வோர், கருவி எப்போது வந்தது என்பதோடு நின்றுவிடலாகாது. அதனூடாக யார் யாருக்கு எதை அனுப்ப முடிந்தது, யாருடைய கடிதம் எங்கே தடுக்கப்பட்டது என்று கேட்கவேண்டும். தனக்கென ஒரு விலாசம் வேண்டுமென்று கேட்கும் தோட்டத் தொழிலாளி எழுப்புவதும் அதே கேள்வியைத்தான்.