மண்டையோட்டு வழி டாப்ளர் சோதனை

மண்டையோட்டு வழி டாப்ளர் சோதனை என்பது, மண்டையோட்டைத் திறக்காமலேயே, மூளையின் அடிப்பகுதியிலுள்ள தமனிகளில் குருதி பாயும் வேகத்தை மீயொலி அலைகளால் அளக்கும் மருத்துவச் சோதனை ஆகும். தமனி குறுகும் இடத்தில் குருதியின் வேகம் கூடும். ஆகவே வேகத்தை அளந்து, பக்கவாதம் ஏற்படும் முன்னரே குறுகலை அறிய இயலும். இதற்கு ஊசியோ கதிர்வீச்சோ மயக்க மருந்தோ தேவையில்லை. எனவே ஒருவருக்கே பலமுறை செய்து மாற்றங்களைக் கண்காணிக்கலாம்.

வரலாறு

ஒலியையோ ஒளியையோ வெளியிடும் பொருள் நகரும்போது அதன் அலைவெண் மாறித் தோன்றும் என்பதை ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறித்தியன் டாப்ளர் 1842இல் விளக்கினார். இவ்விளைவு பின்னர் குருதியோட்டத்தை அளக்கப் பயன்பட்டது. எனினும் எலும்பு மீயொலியைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்வதால் மூளைத் தமனிகள் நெடுங்காலம் எட்டாமலே இருந்தன. நோர்வே நாட்டவரான ரூனே ஆஸ்லித்தும் அவருடைய குழுவினரும், 2 மெகாஹெர்ட்ஸ் என்னும் குறைந்த அலைவெண்ணைப் பயன்படுத்தி இத்தடையைக் கடந்து, 1982இல் தம் ஆய்வை வெளியிட்டனர்.

செயற்படும் முறை

கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அங்கே பசை தடவி, மீயொலிக் கருவியின் முனையை வைப்பர். ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்தில் நடுப் பெருமூளைத் தமனி உள்ளது. அதில் ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் அலையின் அலைவெண் மாறியிருக்கும். குருதி வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் முனையை நேராக நோக்கி வந்தால் இம்மாற்றம் சுமார் 2,600 ஹெர்ட்ஸ் ஆகும். இது செவிக்குக் கேட்கும் எல்லைக்குள் இருப்பதால், ஒலிபெருக்கியில் குருதியோட்டத்தைக் கேட்கவும் முடியும்.

அகன்று ஓடும் ஆறு குறுகிய இடத்தில் விரைவதைப் போன்றதே தமனியில் நிகழ்வதும். பாயும் குருதியின் அளவு மாறாதிருக்க, தமனியின் விட்டம் பாதியானால் குறுக்குப் பரப்பு நான்கில் ஒன்றாகும். வேகம் நான்கு மடங்காகும். நலமான வயது வந்தோரின் நடுப் பெருமூளைத் தமனியில் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 60 செ.மீ. ஆகும்.

பயன்கள்

மூளைத் தமனியின் வீக்கம் வெடித்துக் குருதி கசிந்தவர்களுக்கு, பெரும்பாலும் 4ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரையிலான காலத்தில் தமனிகள் இறுகிச் சுருங்கக்கூடும். இதனால் முதற்கசிவில் பிழைத்தவரும் பின்னர் மூளைப் பாதிப்புக்கு ஆளாகலாம். படுக்கையருகிலேயே அன்றாடம் இச்சோதனையைச் செய்து, வேகம் 120 செ.மீ.க்கு மேல் உயர்கிறதா எனக் கவனிப்பர். 200 செ.மீ.ஐத் தாண்டினால் சுருக்கம் கடுமையானது எனக் கருதுவர்.

மற்றொரு முதன்மையான பயன் அரிவாளணுச் சோகையில் காணப்படுகிறது. சிக்கிள் செல் நோய் என மக்கள் அறிந்த இம்மரபுவழி நோயில், மூளைத் தமனிகள் குழந்தைப் பருவத்திலேயே குறுகக்கூடும். 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், வேகம் 200 செ.மீ. அல்லது அதற்கு மேலிருந்த 130 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்ற பிரிவில் 11 பேருக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. தொடர்ந்து குருதி ஏற்றப்பட்ட பிரிவில் ஒருவருக்கு மட்டுமே ஏற்பட்டது. இதன்பின், கடுமையான வகை நோயுள்ள 2 முதல் 16 வயது வரையிலானோருக்கு ஆண்டுதோறும் இச்சோதனை செய்யும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. ஓராண்டேனும் குருதி ஏற்றப்பட்டு, தமனிகள் கடுமையாகக் குறுகாத குழந்தைகளுக்கு ஹைட்ராக்சியூரியா மருந்து மாற்றாக அமையலாம் என 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் அரிவாளணுப் பண்பு முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடமே ஆகும். ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் இதனை 1952இல் வெளியிட்டனர். கூடலூரிலுள்ள ஆதிவாசி மருத்துவமனை இந்நோயாளிகளுக்குத் தொடர் சிகிச்சை அளித்துவருகிறது. 2023 சூலை 1 அன்று தொடங்கப்பட்ட தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கத்திலும் தமிழ்நாடு இடம்பெற்றுள்ளது.

இத்தகைய இயக்கங்களில் செய்யப்படும் குருதிச் சோதனை, யாருக்கு நோய் உள்ளது என்பதைக் கூறும். அவர்களுள் எந்தக் குழந்தைக்குப் பக்கவாத இடர் மிகுதி என்பதை அது கூறாது. அவ்வினாவிற்கு விடை தருவது டாப்ளர் சோதனையே. இந்திய நோயாளிகளிடம் கருக்கால ஹீமோகுளோபின் மிகுதியாக இருப்பதால் நோய் பொதுவாகச் சற்றுக் கடுமை குறைந்தது எனக் கருதப்படுகிறது. ஆயினும் பக்கவாதம் இங்கும் நிகழ்கிறது. கருவி எடுத்துச் செல்லத்தக்கது என்பதால், மலைப்பகுதி மருத்துவமனைகளிலும் பயிற்சி பெற்றவர் இதனைச் செய்யலாம்.

வரம்புகள்

ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பொட்டெலும்பு தடித்திருப்பதால் அலைகள் போதிய அளவு உட்புகுவதில்லை. முதியோரிடம், குறிப்பாகப் பெண்களிடம், இது மிகுதி. சோகை, காய்ச்சல் ஆகியவற்றாலும் வேகம் கூடும். எனவே கழுத்துத் தமனியின் வேகத்தோடு ஒப்பிடுவர். மூளைத் தமனியின் வேகம் அதைப்போல் மூன்று மடங்கிற்கு மேலிருந்தால் சுருக்கம் எனக் கொள்வர். தமனி ஏறக்குறைய அடைபட்ட நிலையில் குருதியின் அளவே குறைந்து வேகமும் தாழும் என்பதால், குறைந்த வேகம் எப்போதும் நலத்தைக் குறிக்காது. அளவீடு செய்பவரின் திறனைப் பொறுத்தும் முடிவு மாறும். ஐயம் எழுமிடத்து காந்த ஒத்ததிர்வு வரைவு போன்ற சோதனைகளால் உறுதிசெய்வர்.