நடுநிலைப் பள்ளி ஆங்கிலம்: திருப்பூரில் வாரக் கற்றல்

6 முதல் 8 வரையான வகுப்புகளின் ஆங்கிலப் பாடத்தை வாரவாரம் திட்டமிடுவதே திருப்பூருக்குப் பொருந்தும். பனியன் கம்பெனி வேலைக்காகப் பிற மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வரும் குடும்பங்களின் பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவிலும் சேர்கிறார்கள், விலகுகிறார்கள். தேர்வுவரை காத்திருந்தால் அவர்களின் கற்றல் இடைவெளி தெரியாமலே போகும். திங்களன்று வாசித்த பத்தியை வெள்ளியன்று ஐந்து வரியில் சொந்தமாக எழுதச் சொன்னால், யார் எங்கே தடுமாறுகிறார் என்பது அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசு 2025-இல் 6 முதல் 9 வகுப்புகளுக்குத் தொடங்கிய ‘திறன்’ திட்டமும் தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் பின்தங்கியோரின் அடிப்படைத் திறனையே முதலில் பார்க்கிறது.

வாரந்தோறும் எழுதவைத்தால் பாடம் முடியாது என்ற கவலை நியாயமானதே. ஆனால் மதிப்பெண் இல்லாத இப்பயிற்சிக்கு ஒரு பாடவேளை போதும்; அடிப்படை புரியாமல் முடித்த பாடத்தை மறுபடி நடத்த அதைவிடக் கூடுதல் நேரமாகும்.