யந்திரம், அந்நியன், பேரேடு

தொழில் மந்தம் வந்துவிட்டால் எல்லோரும் பொருளாதாரம் பேச ஆரம்பித்துவிடுகிறோம். பேசுகிறவன் வேலை போனவனாகவோ, போய்விடுமோ என்று பயப்படுகிறவனாகவோ இருப்பதால் பேச்சில் ஒரு உக்கிரம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு எப்போதும் ஒரு குற்றவாளியைத் தேடிக்கொண்டு போகிறது. அவன் கண்ணுக்குத் தெரிகிறவனாகவும் இருக்கவேண்டியிருக்கிறது. யந்திரம் கண்ணுக்குத் தெரியும். வேற்று பாஷை பேசுகிறவன் தெரிவான். விலை இறங்கும்போது கடன் மட்டும் இறங்காமல் நிற்பது அப்படித் தெரிவதில்லை. 1929ஐத் தொடர்ந்த பத்து வருஷங்களின் சரித்திரத்தை நான் இந்தக் கோணத்திலிருந்துதான் படிக்கிறேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் இரண்டு இடங்களை, அமெரிக்காவையும் பர்மாவையும், சேர்த்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது புரியும்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933 வாக்கில் அமெரிக்காவில் உழைப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலையில்லை. இதற்கிடையில், 1932ன் கடைசி மாதங்களில், 'டெக்னாக்ரஸி' என்ற சொல் பத்திரிகைகளில் திடீரென்று எங்கும் அடிபட்டது. ஹோவர்ட் ஸ்காட் என்பவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இடம் பெற்று, வட அமெரிக்கா செலவிடும் சக்தியைக் கணக்கெடுக்கும் வேலையை நடத்திவந்தார். அவருடைய வாதம் எளிமையானது. யந்திரங்கள் மனித உழைப்பைத் தேவையற்றதாக ஆக்கிவிட்டன. எனவே உழைப்புக்குக் கூலி, பொருளுக்கு விலை என்ற ஏற்பாடு இனி நிற்காது. பணத்தை ஒழித்து, சக்தியை அளவாகக் கொண்ட சான்றிதழ்களைக் கொடுத்து, அரசியல்வாதிகளை வீட்டுக்கு அனுப்பி, பொறியாளர்கள் நாட்டை நடத்தவேண்டும். இதன் மூலத்தை 1921ல் வெளிவந்த தோர்ஸ்டீன் வெப்லனின் பொறியாளர்கள் பற்றிய நூலில் காணலாம். 1933 ஜனவரியில் ஸ்காட் வானொலியில் நாடு முழுவதற்கும் பேசினார். பேச்சு எடுபடவில்லை. அவருடைய பொறியியல் தகுதியைப் பற்றிப் பத்திரிகைகள் சந்தேகம் எழுப்பின, குழு உடைந்தது, பல்கலைக்கழகம் விலகிக்கொண்டது. எஞ்சியவர்கள் சாம்பல் நிற உடுப்புப் போட்டுக்கொண்டு ஒரு ஸ்தாபனமாகத் தொடர்ந்தார்கள்.

இவர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் இவர்கள் கண்ட முரண்பாடு பிரத்யட்சமானது. பட்டினி கிடக்கும் நாட்டில் 1933ல் அரசாங்கமே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்துப் பருத்திப் பயிரை உழுது அழிக்கச் சொன்னது. அறுபது லட்சம் பன்றிகளை வாங்கிக் கொன்றது. பிரேஸிலில் காப்பிக்கொட்டையைக் கொளுத்தினார்கள். விளைச்சலே விளைவித்தவனுக்கு விரோதியாகிவிட்ட நிலை இது. டெக்னாக்ரஸிக்காரர்கள் பார்வை பிசகியது காரணம் காண்பதில்தான். 1933ல் இருந்த யந்திரங்கள் பெரும்பாலும் 1929லும் இருந்தவைதான். அப்போது ஆளை வெளியேற்றாத யந்திரம் நாலு வருஷத்தில் எப்படி வெளியேற்றியது? உண்மையில், வேலை போன தொழிலாளிக்குப் பக்கத்தில் யந்திரமும் வேலையில்லாமல்தான் நின்றுகொண்டிருந்தது.

கெய்ன்ஸ் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. நம் பேரன்மாரின் பொருளாதார வாழ்க்கை பற்றி 1930ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், தொழில் நுட்பம் உண்டாக்கும் வேலையின்மை என்று ஒரு புதிய நோய்க்குப் பெயர் சொன்னார். அது தாற்காலிகமானது என்றும், நூறு வருஷத்தில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தால் போதும் என்ற நிலை வரும் என்றும் எதிர்பார்த்தார். கண்முன் இருந்த மந்தத்தை அவர் வேறு கணக்கில் வைத்தார். அந்த நூறு வருஷம் முடிய இன்று அதிக காலம் மீதியில்லை. பதினைந்து மணி நேரம் எங்கும் வந்ததாகத் தெரியவில்லை. யந்திரம் மிச்சப்படுத்திய நேரம் யாருக்குப் போயிற்று என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது மந்தம் ஏன் வந்தது என்பதற்குப் பதில் ஆகாது.

பதிலுக்குப் பக்கத்தில் வந்தவர் எர்விங் ஃபிஷர் என்பது என் அபிப்பிராயம். சரிவுக்குச் சில நாட்களுக்கு முன்னால், பங்கு விலைகள் இனி இறங்காத ஓர் உயரத்தை எட்டிவிட்டதாகச் சொல்லிப் பேரைக் கெடுத்துக்கொண்ட அதே பேராசிரியர்தான். குறிப்பு அட்டைகளை அடுக்கி வைக்க ஒரு முறையைக் கண்டுபிடித்துச் சம்பாதித்த பெருஞ்செல்வத்தை அவர் அந்தச் சரிவில் இழந்தார். 1933ல் கடனையும் விலைவீழ்ச்சியையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினார். பேரேட்டோடு பழகியவனுக்கு அதில் மர்மம் எதுவும் இல்லை. மூட்டை நாலு ரூபாய் விற்கும்போது நூறு ரூபாய் கடன் வாங்கியவன் இருபத்தைந்து மூட்டை கடன்பட்டிருக்கிறான். மூட்டை இரண்டு ரூபாய்க்கு வந்தால் ஐம்பது மூட்டை கொடுக்கவேண்டும். ஏட்டில் இருப்பது அதே நூறுதான். எல்லோரும் கடனை அடைக்க ஒரே சமயத்தில் விற்கப் புறப்பட்டால் விலை இன்னும் விழும். அடைக்க அடைக்கக் கடன் கனக்கும்.

இதற்கு யந்திரம் தேவையே இல்லை என்பதற்கு பர்மாவே சாட்சி. கீழ் பர்மாவின் வயல்களில் மாடும் மனிதனும்தான் உழைத்தார்கள். பயிர்ச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். மந்தம் வந்து நெல் விலை பாதிக்குக் கீழே போயிற்று. 1930ல் நெல் விளையும் முக்கியமான பதின்மூன்று ஜில்லாக்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. 1937ல் நூற்றுக்கு இருபத்தைந்து. இந்த எண்களைப் பேராசைக்கு அத்தாட்சியாகக் காட்டுவது வழக்கம். வட்டிக்கடைக்கு வேண்டியது சுழலும் பணம். வாங்க ஆளில்லாத வயல் வாராக்கடனின் இன்னொரு உருவம். செட்டியார்களும் இம்பீரியல் பாங்கு போன்ற இடங்களில் கடன் வாங்கித்தான் கொடுத்திருந்தார்கள். இதைச் சொல்வது அவர்களை விடுவிப்பதற்காக அல்ல. நிலம் போன பர்மிய விவசாயிக்கு எதிரே நின்ற முகம் அவர்களுடையதுதான்.

அமெரிக்காவில் யந்திரத்தின் மேல் விழுந்த பழி பர்மாவில் அந்நியன் மேல் விழுந்தது. 1930 மேயில் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் பர்மியர்களை அமர்த்தினார்கள்; சமரசம் ஆனதும் அந்தப் பர்மியர்களை வெளியே அனுப்பினார்கள். கலவரம் மூண்டது, நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அதிகமும் இந்தியர்கள். அந்த டிசம்பரில் தாராவடியில் ஸாயா ஸான் கிளர்ச்சி தொடங்கியது; அடுத்த நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். கூலிக்குக் கூலி எதிரியாக நின்ற இடத்தில் இருவரையும் அமர்த்தியவன் நடுவில் தெரியவே இல்லை.

அரசியல் எங்கே இருந்தது? நாணயத்தில் இருந்தது. பர்மா அப்போது இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கும் செலாவணி நம் ரூபாய்தான். பதினாறு பென்ஸ் போதும் என்று புருஷோத்தம்தாஸ் டாகுர்தாஸ் மறுப்பு எழுதியும், 1927ல் ரூபாயைப் பதினெட்டு பென்ஸ் என்று சட்டமாக்கினார்கள். லண்டனுக்கு அனுப்பவேண்டிய பணத்துக்கு அது சௌகரியம். ஏற்றுமதியாகும் நெல்லுக்கும் பருத்திக்கும் அதே பவுனுக்குக் குறைந்த ரூபாய்தான் கிடைக்கும். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அளவையைக் கைவிட்டது; ரூபாய் ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டே இருந்தது. உடனே இந்தியாவிலிருந்து தங்கம் கப்பலேற ஆரம்பித்தது. அதில் பெரும் பகுதி கஷ்டத்தில் விற்ற வீட்டு நகை. கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தவளுக்குப் பதினெட்டு பென்ஸ் விவகாரம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவள் தலையெழுத்து என்று சொல்லியிருப்பாள்.

இதனால்தான் அரசியலை நீக்கிவிட்டு நிபுணனிடம் ஒப்படைத்தால் சரியாகிவிடும் என்ற அபிப்பிராயம் எனக்கு அச்சம் தருகிறது. ஜெர்மனியில் ப்ரூனிங் நிதி விஷயத்தில் நிபுணர் என்று பெயர் பெற்றவர். 1930லிருந்து 1932 வரை அவசரச் சட்டங்களால் ஆண்டார். சம்பளத்தையும் செலவையும் வெட்டினார். கணக்கு நேர்ப்படும் என்று நம்பினார். 1932 ஆரம்பத்தில் அறுபது லட்சம் பேருக்கு வேலையில்லை. 1928 தேர்தலில் பன்னிரண்டு இடம் பெற்றிருந்த நாஜிகள் 1932 ஜூலையில் இருநூற்று முப்பது இடம் பெற்றார்கள். அவர்களும் கண்ணுக்குத் தெரியும் ஒரு குற்றவாளியைக் காட்டினார்கள்.

யந்திரத்துக்கும் அந்த வருஷங்களில் வேறொரு கதை நடந்தது. 1935ல் அமெரிக்கா சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குக் கணக்கு வைக்கவேண்டியிருந்தது, ஐ.பி.எம்.மின் துளையட்டை யந்திரங்கள் அதற்கு வந்து சேர்ந்தன. ஆளைத் தின்னும் என்று பயந்த யந்திரம் முதியவனுக்குப் பென்ஷன் கணக்கு எழுதியது, அப்படி எழுதச் சொல்ல ஒரு அரசியல் தீர்மானம் இருந்ததால். நம் நாட்டு வங்கிகளிலும் 1983ல் நிர்வாகங்களும் சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து, எந்த யந்திரம், எந்த வேலைக்கு, எந்த வரம்புக்குள் என்று பேசி ஒப்பந்தம் செய்தார்கள். அந்த வரம்புகள் பிறகு தளர்ந்து மறைந்தன. ஆனால் பேசித் தீர்க்கக்கூடிய விஷயமாக அது ஒரு காலத்தில் இருந்தது.

2008லும் 2020லும் பழைய அபிப்பிராயங்களே புதிய பெயர்களில் வந்தன. இனி வரப்போகும் மந்தத்தில் யந்திரத்துக்குப் பேசவும் எழுதவும் தெரிந்திருக்கும்; பழி அதன் மேல் இன்னும் எளிதாக விழும். அப்போதும் கேட்கவேண்டிய கேள்விகள் இவைதான் என்று நினைக்கிறேன்: கடன் யார் பேரில் நிற்கிறது, விலை விழுந்ததும் அதைக் குறைக்க யாருக்கு அதிகாரம் இருந்தது, அவர்கள் ஏன் குறைக்கவில்லை.

கீழ் பர்மா நிலங்களின் பின்கதை தெரிந்ததுதான். 1942ல் ஜப்பானியர் வந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார்கள். 1948ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1964ல் கடையும் தொழிலும் போய்க் கப்பலேறியவர்கள் சென்னையில் இறங்கினார்கள். அவர்களில் சிலர் போட்ட கடைகள்தான் பர்மா பஜார். நிலம் விவசாயியிடமிருந்து போய்ச் செட்டியார் ஏட்டில் வரவாயிற்று; அந்த வரவும் நிற்கவில்லை. ரூபாய்க்குப் பதினெட்டு பென்ஸ் என்று எழுதியவர்களின் பெயரைச் சொல்லி ரங்கூனிலும் சென்னையிலும் எவரும் கல்லெறிந்ததாக நான் படித்ததில்லை.